பிள்ளை பேசலையா? அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது!

"ரெண்டு வயசாச்சு டாக்டர், இன்னும் பேச்சு வரலை. வசம்பு சுட்டு நாக்குல தடவலாமா?"

தொப்பூர் பக்கத்துத் தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "குழந்தைக்குக் காது கேட்குதாம்மா?"

காதில் விழாத சொல் வாயில் வராது. வசம்பு, வயிற்று உப்புசத்துக்கு நம் பெரியவர்கள் கண்ட மருந்து. செவிநரம்பில் இருக்கிற குறையை அது தீர்க்காது. வைத்தியர் யோசனை இல்லாமல் பச்சைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவும் கூடாது. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று சும்மா இருப்பது அதைவிட ஆபத்து. மொழி நன்றாகப் படிவது முதல் சில வருடங்களில்தான். போன காலம் திரும்பாது.

கவனியுங்கள்:

* பலத்த சத்தத்துக்கும் குழந்தை திடுக்கிடவில்லை
* ஒன்றே கால் வயதாகியும் ஒரு சொல்கூட இல்லை
* 2 வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேரவில்லை

இதில் ஒன்று இருந்தாலும் உடனே காது பரிசோதனை செய்யுங்கள். பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் கருவி, பயிற்சி என்பதே இன்று உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு.

பரிசோதிப்பதும் பயிற்சி தருவதும் யார்? கேட்டல், பேச்சு நிபுணர்கள். இவர்களின் இளநிலைப் படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. மொத்தம் 4 வருடம். கடைசி வருடம் முழுக்க நேரடிப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படித்தவர்கள் சேரலாம். காது, குரல்வளையின் அமைப்பு, ஒலியியல், மொழியியல், உளவியல் எல்லாம் பாடங்கள். காதுக்கருவி பொருத்துவது, திக்குவாய்க்குப் பயிற்சி, ஆட்டிசக் குழந்தைகளைப் பேச்சுக்குப் பழக்குவது எல்லாம் வேலை.

பெரியவர்களுக்கும் இவர்கள் வேண்டும். எங்கள் கணவாய்ச் சாலையில் நடக்கும் விபத்துகள் ஊரறிந்தவை. தலையில் அடிபட்டோ, பக்கவாதம் வந்தோ பேச்சிழந்தவருக்குச் சொற்களை மீட்டுத் தருவதும் இவர்கள்தான்.

மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் இத்துறைக்குத் தாய்வீடு மாதிரி. சென்னை மருத்துவக் கல்லூரியிலும், போரூர் ஸ்ரீராமச்சந்திராவிலும் இந்தப் படிப்பு உண்டு. சிறப்புக் கல்வி ஆசிரியர் படிப்பு இதிலிருந்து தனி. பள்ளிப் பாடத்தை அந்தக் குழந்தைக்கு ஏற்றபடி சொல்லித் தருவது அவர்கள் பொறுப்பு. இரண்டுக்குமே 1992-ம் வருடச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் அவசியம். பணம் கட்டுமுன் அதையும், அந்த வருடச் சேர்க்கை விதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேச்சுப் பயிற்சியை வீட்டு மொழியில் தருவதுதான் நல்லது. தர்மபுரிப் பக்கம் தமிழோடு தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளும் உண்டு. பட்டணத்து நிபுணருக்கு நம்ம ஊர்ப் பேச்சு பிடிபட நாளாகும். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கோ, பையனுக்கோ அது தாய்ப்பாலோடு வந்தது.

மார்க் வந்ததும் "டாக்டரா, இன்ஜினீயரா?" என்று மட்டும் யோசிக்காதீர்கள். இந்தப் படிப்பையும் உங்கள் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்.