நாய் ஏன் தட்டைத் தொடவில்லை?

"எதை வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கோழி போட்டால்தான் வாயைத் திறக்கிறது." மலாக்காவில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் புலம்பலை இன்று சாதாரணமாகக் கேட்கலாம். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கோ இது வியப்பாக இருக்கும். 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாளிலிருந்து தோட்டங்கள் பெருகின, லயங்கள் எழுந்தன, லயத்து வாசலில் நாய்களும் சேர்ந்துகொண்டன. மீன் தலையும் மிஞ்சிய சோறும்தான் அவற்றின் உணவு. மரம் சீவப் போகிறவர்களோடு நிரை நிரையாக நடந்து திரும்பிய நாய், வைத்ததை நக்கித் துடைத்தது. இன்று தாமான் வீட்டு இரும்புக் கேட்டுக்குள் நாளெல்லாம் படுத்திருக்கும் நாய்க்கு நடையும் குறைவு, பசியும் குறைவு.

தட்டை ஒதுக்கும் நாய்க்கு உடனே வேறு உணவு தேடுவது தவறு. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கிறதா? ஒதுக்கினால் நல்லது வரும் என்று நாமே பழக்கிவிட்டோமா? உடம்புக்கு ஏதாவதா? இவற்றுக்குப் போகுமுன், நாய் உணவை எப்படி எடைபோடுகிறது என்று பார்ப்போம்.

மூக்கு சொல்வதே முடிவு

மனித நாக்கில் சுமார் 9,000 சுவை அரும்புகள் உண்டு. நாயின் நாக்கில் இருப்பவை ஏறத்தாழ 1,700 மட்டுமே. மணத்தில் கதை தலைகீழ். நம் மூக்கில் மணமறியும் செல்கள் 50, 60 லட்சம் என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். ஆகவே நாய் மோந்து பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்த சோற்றில் மணம் எழாது. கொஞ்சம் வெந்நீர் ஊற்றிப் பிசைந்தால் அதே சோற்றை நாய் தின்னக்கூடும். உலர் தீவனப் பொட்டலத்தைத் திறந்தபடி வைத்தால் மலாக்காவின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அதிலுள்ள கொழுப்பு காறிப்போகும். நமக்குத் தெரியாத அந்த வாடை நாய்க்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும்.

சோறு நாய்க்கு ஆகாது என்ற பேச்சும் உண்டு. 2013-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சனின் குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை உருவாக்கும் மரபணு ஓநாய்களில் பொதுவாக இரண்டு படிகளாகவே இருக்கிறது. நாய்களில் அது நான்கு முதல் முப்பது படிகள் வரை பெருகியிருக்கிறது. மனிதரோடு சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நாயின் உடல் தானியத்துக்குப் பழகிவிட்டது. ஆனால் வெறும் சோறு முழு உணவாகாது. அதோடு கறியைச் சேர்த்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு இந்தக் குறை எலும்பைப் பாதிக்கும்.

ஒரு ரொட்டி சானாயின் கணக்கு

ஐந்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 370 கலோரி. ஒரு ரொட்டி சானாயில் மட்டும் சுமார் 300 கலோரி இருக்கிறது. காலையில் பசியாறும்போது தாத்தா பாதி ரொட்டியைக் கிள்ளிப் போடுகிறார். பள்ளி விட்டு வந்த பேரன் நான்கு மேரி பிஸ்கட் கொடுக்கிறான். இரண்டும் சேர்ந்து 250 கலோரி வந்துவிட்டது. அன்றைய தேவையில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்த பிறகு, இரவில் அம்மா வைக்கும் தட்டை நாய் ஏன் தொட வேண்டும்? யார் என்ன கொடுத்தார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரியாததால், 'சாப்பிடவே இல்லை' என்ற கவலை வீடு முழுக்கப் பரவுகிறது. தின்பண்டம் எதுவானாலும் ஒரு நாளைய கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொது விதி. இந்த நாய்க்கு அது ஒன்றரை மேரி பிஸ்கட்.

பழக்கியது யார்?

தட்டை ஒதுக்கியதும் கோழித் துண்டு வருகிறது என்றால், ஒதுக்குவதே நாய்க்கு ஆதாயமான செயல். எப்போதும் கிடைக்கும் பரிசைவிட எப்போதாவது கிடைக்கும் பரிசே பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளிலும் புறாக்களிலும் நிறுவினார். இரண்டு நாள் உறுதியாக இருந்து மூன்றாம் நாள் மனமிளகினால், நாய் கற்றுக்கொள்வது 'இன்னும் பொறு' என்பதைத்தான்.

வழி எளிது, வீட்டார் எல்லாரும் ஒன்றுபட வேண்டும், அவ்வளவே. காலையும் மாலையும் வெயில் தணிந்த நேரத்தில், நடை முடிந்த பிறகு, அளந்த உணவை வையுங்கள். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். அடுத்த வேளைவரை வேறெதுவும் தராதீர்கள். உணவை மாற்றியே ஆகவேண்டுமென்றால் பழையதோடு புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். குட்டிகளுக்கும் மிகச் சிறிய இன நாய்களுக்கும் இந்தக் கண்டிப்பு கூடாது. பட்டினியில் அவற்றின் ரத்தச் சர்க்கரை விரைவில் சரிந்துவிடும்.

ருசிக்காகக் குழம்பு ஊற்றிப் பிசைவது நம் வீடுகளில் வழக்கம். அதில் ஆபத்து இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. உடல் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் வெங்காயம் உள்ளே போனால் பாதிப்பு தெரியும். ஐந்து கிலோ நாய்க்கு அது 25 கிராம், அதாவது நான்கைந்து சின்ன வெங்காயம். குழம்புக்கு வெங்காயம் போடும் முன்பே நாய்க்கான மீனையோ கோழியையோ தனியாக அவித்து, முள்ளையும் எலும்பையும் நீக்கி எடுத்து வையுங்கள்.

திடீரென்று நின்றால்

நன்றாகத் தின்றுகொண்டிருந்த நாய் திடீரென்று நிறுத்தினால் அதை அடம் என்று விட்டுவிடக் கூடாது. மலேசியாவில் பரவலாக இருக்கும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா என்ற நுண்ணுயிரியைப் பரப்புகிறது. பசியின்மை, காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, சில நேரம் மூக்கில் ரத்தம் ஆகியவை அதன் அறிகுறிகள். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். காது மடலையும் விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள்; உண்ணி ஒட்டியிருக்கும் இடங்கள் அவை. வாயையும் திறந்து பாருங்கள்; ஆடும் பல்லும் வீங்கிய ஈறும் வலியால் உணவைத் தள்ளவைக்கும். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். குட்டியானாலும், வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தாலும் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்புப் பிராணிக்குப் பொருத்தமான உணவு தருவதை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. பொருத்தம் என்பதில் உணவின் வகையோடு அளவும் நேரமும் சேர்ந்தே வரும். அன்பினால்தான் ஆளுக்கொரு வாய் ஊட்டுகிறோம். அந்த அன்பு நாய்க்கு நன்மையாக வேண்டுமானால், இன்றே எடைக்கருவியில் நாயின் எடையைப் பாருங்கள். யார் எப்போது எவ்வளவு கொடுப்பது என்று வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து முடிவெடுங்கள்.