படுக்கும் பாயில் எத்தனை வகை? எதை எவருக்கு விற்பது?

நம் சங்க உறுப்பினர்களில் மளிகையோடு பாய், வாளி, விசிறி போன்ற சாமான்களும் வைத்திருப்போர் பலர். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவோர், ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் வந்து தங்குவோர், ஏற்காடு, வத்தல்மலை பக்கம் கூடாரம் அடிக்கும் இளைஞர்கள் என எல்லோரும் "படுக்க ஒரு பாய் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் இவர்கள் அனைவருக்கும் ஒரே பாய் ஒத்துவராது. கையில் கிடைத்ததைக் கட்டிக் கொடுத்தால், அடுத்த முறை அவர் வேறு கடையைத் தேடிப் போவார்.

தரையில் படுப்பவரின் உடல் சூட்டை மண்ணும் பாறையும் இழுத்துக்கொள்ளும். கனத்த கம்பளியை விரித்தாலும் உடல் எடையில் அது நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று போய்விடும். எடை ஏறினாலும் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்தான் குளிரைத் தடுக்கும். மெத்தென்று இருப்பது வேறு, குளிர் தடுப்பது வேறு. வாடிக்கையாளருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

காவிரிக் கரையில் கரூர், நாமக்கல் பக்கம் விளையும் கோரையில் நெய்த பாய், வெயில் காலத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் ஈடில்லாதது. காற்றோட்டம் உண்டு, வேர்வை தங்காது. ஆனால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். மலைக் குளிருக்கும் போதாது. பவானி ஜமுக்காளம் உழைக்கும், ஆனால் நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. பிளாஸ்டிக் பாய் கழுவ எளிது, மலிவு. வெயிலில் நாளாவட்டத்தில் நொறுங்கும். ஒகேனக்கல் போகிறவருக்கு அதுவே போதும்.

மலைக்குப் போகிறவருக்கு ஏற்றது நுரைப் பாய், அதாவது ஃபோம் ஷீட். இதில்தான் ஏமாற இடம் அதிகம். சோபாவில் வைக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சும். அது வெளியிடத்துக்கு ஆகாது. மூடிய கண்ணறைகள் கொண்ட நுரை தண்ணீர் குடிக்காது. அதிலும், டி.வி. பெட்டிக்குள் வரும் வெள்ளை இ.பி.இ. ரகம் மலிவு என்றாலும் சில நாள் படுத்தால் தட்டையாகிவிடும். எக்ஸ்.எல்.பி.இ., ஈ.வி.ஏ. ரகங்கள் விலை கூடுதல், ஆனால் நசுங்கினாலும் எழும்பும். மொத்தக் கடையில் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்திவிட்டுப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் சரக்கை எடுக்காதீர்கள். தடிமன் 8 முதல் 10 மில்லி மீட்டர் இருக்கட்டும். யோகாப் பாயை இதற்கு மாற்றாக விற்பதை நான் ஒப்பமாட்டேன். அது கனம் கூடியது, தடிமன் குறைந்தது.

காற்றடைத்த மெத்தை சுகமாக இருக்கும். ஆனால் உள்ளே தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் காற்று சுழன்று தரைக் குளிரை மேலே கொண்டுவரும். முள் குத்தினால் ராத்தூக்கம் போச்சு! கேட்பவருக்கு மட்டும் வரவழைத்துக் கொடுக்கலாம்.

வால்வைத் திறந்தால் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் பாயும் உண்டு. 1970களின் தொடக்கத்தில், போயிங் விமானக் கம்பெனியில் வேலை இழந்த எஞ்சினியர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இதை உருவாக்கினார்கள். காற்றுப் புகாத உறைக்குள் ஸ்பாஞ்ச் இருக்கும். இதை மாதக்கணக்கில் சுருட்டியே வைத்தால் ஸ்பாஞ்ச் நசுங்கி, எழும்பும் தன்மை குறையும். வால்வைத் திறந்து விரித்தே வைக்க வேண்டும். நம் கடைகளில் அதற்கு இடம் ஏது?

வெளிநாட்டுச் சரக்கில் "ஆர் வேல்யூ" என்று ஓர் எண் இருக்கும். குளிரைத் தடுக்கும் அளவு அது. எண் கூடக்கூடத் தடுப்பு கூடும். 2018இல் அமெரிக்காவில் இதற்குப் பொதுவான சோதனை முறை வகுக்கப்பட்டது. ஏற்காடு போன்ற இடங்களுக்கு 1 முதல் 2 வரை இருந்தாலே பெரும்பாலும் போதும். இரண்டு பாய்களை அடுக்கினால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். எனவே விலை உயர்ந்த பாய் வாங்க முடியாதவருக்கு, நுரைப் பாயின் மேல் கோரைப் பாயை விரிக்கச் சொல்லலாம். வேர்வையும் தங்காது, உங்களுக்கும் இரண்டு பாய் விற்கும்.

நுரைப் பாய் இடத்தை அடைக்கும். மேலே கம்பியில் தொங்கவிடுங்கள். எளிதில் தீப்பற்றும் என்பதால் மண்ணெண்ணெய், கற்பூரம், விளக்கு இவற்றின் பக்கத்தில் வேண்டாம். எலியிடமிருந்தும் காக்க வேண்டும். கோரைப் பாய் வாசனையை இழுக்கும், பெருங்காய டப்பாவை ஒட்டி வைக்காதீர்கள். முதல் கொள்முதல் பத்து உருப்படிக்கு மேல் வேண்டாம். ஐப்பசிக் கடைசியில் எடுத்தால் கார்த்திகை, மார்கழிக்குள் விற்றுவிடும். பில்லில் பொருளின் பெயரும் ஜி.எஸ்.டி. விகிதமும் சரியாக இருக்கிறதா என்று உங்கள் கணக்கரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். கோரைக்கும் நுரைக்கும் தலைப்பு வேறு.