பாவுக்குச் சீனப் பட்டு ஏன்?

ஜலகண்டாபுரத்தில் பட்டு நெய்பவர் ஒருவரிடம் சில ஆண்டுகளுக்கு முன், "நம் நாட்டுப் பட்டு இருக்கச் சீனப் பட்டு எதற்கு?" என்று கேட்டேன். "ஊடைக்கு நம்ம பட்டே போதுங்க சார். பாவுக்குப் போட்டா அறுந்துக்கிட்டே இருக்குதுங்க" என்றார். வெளிநாட்டு மோகம் என்று எண்ணியிருந்த எனக்கு இயற்பியல் பாடம் கிடைத்தது!

தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படுபவை பாவு இழைகள். நாடா ஓடும் ஒவ்வொரு முறையும் விழுதுகள் அவற்றை மேலும் கீழும் இழுக்கின்றன, அச்சும் உராய்கிறது. குறுக்கே செல்லும் ஊடைக்கு இவ்வளவு தொல்லை இல்லை.

இழையின் பருமனை டெனியர் என்னும் அளவால் குறிப்பர். 9000 மீட்டர் இழையின் எடை 20 கிராம் என்றால் அது 20 டெனியர். பட்டு, டெனியருக்கு 3.5 கிராம் எடை தாங்கும் எனக் கொள்வோம். 20 டெனியர் இழை 70 கிராம் தாங்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் அது 15 டெனியராக மெலிந்திருந்தால்? அங்கே 53 கிராமிலேயே அறுந்துவிடும். மற்ற இடங்களின் உறுதியால் பயனில்லை. முடிச்சிடும் வரை தறி நிற்கும். கூலியோ நெய்த துணிக்குத்தான்.

மெலிவு எப்படி வருகிறது? ஏழெட்டுக் கூடுகளின் இழைகளைச் சேர்த்தே ஒரு நூல் எடுக்கிறார்கள். ஒரு கூடு தீர்ந்தால் உடனே அடுத்ததைச் சேர்க்கவேண்டும். தாமதித்தால் அந்த இடம் மெலியும். நம் மஞ்சள் கூடுகளில் இழை குட்டை; ஆகவே இந்த வேலை அடிக்கடி வரும். வெண்பட்டுக் கூட்டிலோ ஏறக்குறைய 1000 மீட்டர் இழை உண்டு. தானியங்கி இயந்திரத்தில் நூல் இரு கண்ணாடித் தகடுகளின் நடுவே செல்கிறது. மெலிந்தால் உராய்வு குறையும். உடனே நெம்புகோல் அசைந்து புதிய கூட்டைச் சேர்க்கச் செய்யும். எத்தனை எளிய உபாயம் பாருங்கள்!

2003இல் மலிவான சீனக் கச்சாப் பட்டின்மீது இந்தியா தனி வரி விதித்தது. விலை வேறுபாடு குறையலாம். பாவு அறுவது அதனால் நிற்காது. மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997இல் வெளியிட்ட சிஎஸ்ஆர் கலப்பின வெண்பட்டுப் புழுக்களே பெரிய மாறுதலைத் தந்தன. தமிழ்நாட்டில் இன்று வெண்பட்டுக் கூடுகள் ஏராளமாக விளைகின்றன. அவற்றிலிருந்து தானியங்கி இயந்திரத்தில் எடுத்த நூல் பாவுக்கும் ஏற்றது.

இதை நீங்களும் சோதிக்கலாம். 9 மீட்டர் நூலின் மில்லிகிராம் எடையே அதன் டெனியர். இரண்டு வகைத் தையல் நூலில் பத்துப் பத்துத் துண்டுகள் வெட்டி, பள்ளித் தராசில் நிறுத்து, எதில் ஏற்ற இறக்கம் குறைவு என்று குறித்து வையுங்கள்.