கோடியக்கரை குதிரைக்குட்டி டெர்பியில் ஓட முடியுமா?

வேதாரண்யம் அருகே கோடியக்கரை சரணாலயத்தில் கூட்டமா மேயுற குதிரைகளைப் பார்த்திருப்பீங்க. இதுல ஒரு பெண் குட்டியைப் பிடிச்சுப் பழக்கினா ரேஸ்ல ஓட விடலாமா?

முடியாது. வேகமெல்லாம் அப்புறம், முதல்ல கேட்பது வம்சம்தான். டெர்பியில் ஓடுவது 'தரோபிரெட்' இனம் மட்டுமே. தாய், தகப்பன் இரண்டும் வம்சப் பதிவேட்டில் இருக்கணும். இந்தியாவில் அதைப் பராமரிக்கும் அமைப்பு புனேயில் இருக்கு. அப்படிப் பதிவான குதிரைக்கும் நாலு வயசுல ஒரே ஒரு தடவைதான் இந்தியன் டெர்பி வாய்ப்பு. 2010-ல் மும்பையில் அதை வென்றது ஜாக்குலின் என்ற பெண் குதிரை.

கோடியக்கரை குதிரைகளோ வீட்டுக் குதிரைகளின் வழிவந்தவை. காட்டு விலங்கே இல்லை. 1967-ல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. அந்த மான்கள் மேயும் புல்லையும் குடிக்கும் தண்ணீரையும்தான் குதிரைகளும் நம்பியிருக்கு. கோடையில் சிக்கல் அங்கேதான்.