முதல் மருந்து தண்ணீரே!



நோன்பு மாதத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நம் இல்லங்களின் அடுப்படி எப்படியிருக்கும் என்பதை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஒருபுறம் கஞ்சி கொதிக்கும். மறுபுறம் எண்ணெய்ச் சட்டியில் சம்சாவும் வடையும் பொரியும். பாங்கு சொல்வதற்குள் எல்லாம் ஆகவேண்டுமே என்ற பதற்றத்தில் கை எங்கே படுகிறது என்பதே தெரியாது. சஹர் நேரத்திலோ பாதித் தூக்கம் வேறு.

அப்படியொரு சஹரில் எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டுக்கொண்ட என் மாணவி ஒருத்தி, காலையில் மதரஸாவுக்கு வந்தபோது அவள் புறங்கை முழுவதும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. "உம்மம்மா பற்பசை பூசிவிட்டார்கள், உஸ்தாபி" என்றாள். மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஒட்டிக் காய்ந்திருந்த பசையை நனைத்து நனைத்து அவர் எடுக்க, பிள்ளை துடித்துப்போனாள். "சுட்டவுடன் தண்ணீர் ஊற்றினீர்களா?" என்று அவர் கேட்டதற்கு எங்கள் இருவரிடமும் பதிலில்லை. அவளுடைய உம்மம்மாவைக் குறை கூற எனக்கு என்ன தகுதி? இளவயதில் பேனா மையைக் கொட்டிக்கொண்டவள்தானே நானும்!

அடுப்பை அணைத்த பின்னும் தேக்சாவினுள் சோறு தம்மில் வெந்துகொண்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். தோலும் அவ்வாறே. நெருப்பை விட்டுக் கையை எடுத்த பின்னரும் உள்ளே தங்கிய வெப்பம் அடுத்தடுத்த அடுக்குகளைச் சுட்டுக்கொண்டே செல்கிறது. அவ்வெப்பத்தை வெளியே கொண்டுவருவது ஓடும் குளிர்ந்த நீர் ஒன்றே. ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுத்தால் போதாது; முழுமையாக 20 நிமிடங்கள் வேண்டும். குழாயில் நீர் வராத வீடானால் குவளையால் மொண்டு ஊற்றுங்கள். உடனே செய்ய இயலாமற் போனாலும் மூன்று மணி நேரத்திற்குள் செய்தால் பயனுண்டு. வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். மேனியில் நீர் ஊற்றுவதாலோ தோலில் மருந்து பூசுவதாலோ நோன்பு முறியாது.

பனிக்கட்டி வேண்டாம்; அது புண்பட்ட தோலை மேலும் கெடுக்கும். வெண்ணெயும் எண்ணெயும் சூட்டை உள்ளேயே நிறுத்தும். மாவும் காப்பித் தூளும் புண்ணில் ஒட்டிக்கொண்டு கிருமிக்கு இடந்தரும். மையும் மஞ்சளும் காயத்தின் நிறத்தையே மறைத்து, அதன் ஆழத்தை மருத்துவர் அறிய முடியாதபடி செய்துவிடும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அது உள்ளிருக்கும் இளந்தோலுக்குப் போர்வை.

அப்படியானால் நம் கைமருந்துகள் யாவும் வீணா? இல்லை. சூடு தணிந்த பின், கொப்புளமில்லாத வெறும் சிவப்பிற்குச் சோற்றுக்கற்றாழை நல்லது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் நீர் எரிச்சல் தரும். அதை நன்கு கழுவிவிட்டு உள்ளிருக்கும் சோற்றை மட்டும் தடவுங்கள். தேனில் மனிதர்க்கு நிவாரணம் உண்டு என்பதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் வாயிலாக நாம் அறிவோம். மகாராஷ்டிரத்தின் அறுவை மருத்துவர் எம். சுப்ரமண்யம் 104 நோயாளிகளிடம் தேனையும் வழக்கமான தீக்காயக் களிம்பையும் ஒப்பிட்டு, தேனிட்ட புண்கள் விரைந்து ஆறியதாக 1991-ல் எழுதினார். ஆனால் அது மருத்துவரின் கண்காணிப்பில், தூய தேனைக் கொண்டு செய்யப்பட்டது. சர்க்கரைப் பாகு கலந்த கடைத் தேனை நம்பித் திறந்த புண்ணில் ஊற்றிவிடாதீர்கள்.

கைமருந்துக்கு ஓர் எல்லையும் உண்டு. காயம் சுட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிதாயினும், முகம், கை, பாதம், மூட்டு ஆகிய இடங்களில் கொப்புளம் எழுந்தாலும், தோல் வெளுத்தோ கருகியோ போனாலும், மின்சாரத்தால் நேர்ந்தாலும் மருத்துவமனைக்கே செல்லுங்கள். சிறு பிள்ளைகள், முதியோர், நீரிழிவு உள்ளவர்கள் விஷயத்தில் சிறு காயமும் சிறிதன்று. வலியே இல்லையென்றால் மகிழாதீர்கள். ஆழமாகச் சுட்டதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் பெண்கள் பயானில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி குறுக்கிட்டு, "இருபது நிமிடம் குழாயடியில் நின்றால் கஞ்சி அடிப்பிடித்துவிடுமே, உஸ்தாபி?" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயடிக்குச் செல்லுங்கள், அம்மா. அன்று பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறக்கலாம். கஞ்சியை உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் கிண்டட்டும்.