நூலின் உரிமை யாருக்கு?

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தேர்வுக் காலம் வந்துவிட்டால் நகல் கடைகளில் பிள்ளைகளின் கூட்டம். புத்தகப் பக்கங்களைப் படியெடுப்பது பிறர் உழைப்பைக் கவர்வதாகாதா என்ற ஐயம் நம் தாய்மார்கள் சிலருக்கு உண்டு. நியாயமான ஐயமே.

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகல் கடை ஒன்றின் மீது பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்கு வேண்டிய பகுதிகளைப் படியெடுப்பது உரிமை மீறலாகாது எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. முழு நூலையும் நகலெடுத்து விற்பவருக்கு இது கேடயமன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் விலையின்றிப் பெறலாம். அச்சிட்டு விற்கும் உரிமை அதனால் வந்துவிடாது. இலவசம் வேறு, உரிமை வேறு.

நாட்டுடைமை நூல்களின் நிலையோ முற்றிலும் வேறு. கவி கா.மு. ஷெரீப் 1994இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும் என்பது சட்டம். அக்கணக்கில் 2054 முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிவிட்டது. இவ்வாறு ஆக்கும்போது குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை வழங்கப்படுகிறது. உழைப்புக்கு ஈடாகுமா என்பது வேறு கேள்வி. எண்ணூரில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்கள் அந்நூல்களை அச்சிட்டுப் பிள்ளைகளுக்கு வழங்க விரும்பினால், எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.