பெருந்தொற்றுக்கு நடுவே ஒரு பனிச்சறுக்குப் பருவம்

ஆஸ்திரியா நாட்டின் டிரோல் மாநிலத்தில் இஷ்கில் என்றொரு மலையூர் உண்டு. அங்கு நிலையாக வாழ்வோர் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட வந்து குவிவோரோ பல மடங்கு. அவ்வூரிலிருந்து திரும்பிய தன் மக்களிடம் கொரோனா தொற்றைக் கண்ட ஐஸ்லாந்து, 2020 மார்ச் 5ஆம் நாள் இஷ்கிலை அபாயப் பகுதியாக அறிவித்தது. ஊர் முடக்கப்பட்டதோ மார்ச் 13ஆம் நாள்தான். அதற்குள் விருந்தினர் பலர் தொற்றையும் சுமந்துகொண்டு தத்தம் நாடுகளுக்குத் திரும்பியிருந்தனர். ஏப்ரல் மாதத்தில் இன்ஸ்புரூக் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் ஊர்மக்களின் குருதியை ஆய்ந்தபோது, 42.4 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள்கள் இருந்தன.

தொற்றுப் பரவலில் பெரும்பங்கு பனிச்சரிவினுடையதன்று. மாலையில் மக்கள் கூடும் மதுக்கூடங்களினுடையது. சரிவில் வெட்டவெளி, வீசும் காற்று, ஒருவருக்கொருவர் போதிய இடைவெளி. கீழே குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்த கூடம், உரத்த இசை, அதனை மீறிப் பேசும் குரல்கள். 2020ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அடுத்த பருவத்துக்கு ஆயத்தமான மன்றங்கள் அனைத்தும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

பனிச்சறுக்கு மன்றம் என்றதும் செல்வர்களின் கேளிக்கை விடுதி என எண்ணிவிட வேண்டாம். தன்னார்வலர்கள் நடத்தும் சிறு அமைப்புகளே மிகுதி. சிறுவர்க்குப் பயிற்சி, விடியற்காலையில் ஒரே பேருந்தில் பயணம், மலைமேல் ஒரு பொதுக் குடில், அதில் அடுக்குக் கட்டில்கள், ஈர உடைகளை உலர்த்த ஒரு சிற்றறை, நண்பகலில் எல்லாரும் சுற்றி அமர்ந்து அருந்தும் சூடான சூப். மன்றத்தை மன்றமாக்கிய இவை யாவுமே அவ்வாண்டு கேள்விக்குரியவை ஆயின. பல மன்றங்கள் பேருந்தைக் கைவிட்டு, ஒரு வீட்டார் ஒரு காரில் வருமாறு கூறின. காலணியை மாற்றுவதும் காரின் அருகிலேயே. உணவு அவரவர் சட்டைப்பைக்குள். பயிற்சிக் குழுக்கள் சிறியவையாகி, பருவம் முழுவதும் அதே சிறுவர்கள் அதே பயிற்றுநருடன் இருக்குமாறு அமைக்கப்பட்டன. ஒருவருக்குத் தொற்று உறுதியானால் எத்தனை வீடுகளுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பது இதனால் முன்னரே தெரிந்திருந்தது.

எல்லா ஏற்பாடுகளும் ஒரே அளவில் பயன்பட்டன எனக் கூற இயலாது. நுழைவாயிலில் நெற்றியில் வெப்பமானி காட்டுவது பார்வைக்கு நிறைவளித்தது. ஆயினும் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே தொற்றைப் பரப்பக்கூடியவரை அது கண்டறியாது. குளிரில் நின்ற நெற்றியின் அளவும் நம்பத்தக்கதன்று. ரோப் காரின் சாளரங்களைத் திறந்து வைத்ததும், பாதிப்பேரை மட்டுமே ஏற்றியதும் அதனினும் பொருளுடையவை என்பது என் எண்ணம். முகக்கவசத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. மூச்சின் ஈரம் குளிரில் உறைந்து கவசம் நனைந்துவிடும்; நனைந்த கவசம் மூச்சுவிடத் தடையாவதோடு பயனும் குன்றும்.

இத்தனை செய்தும் பருவம் தொடங்குமா என்பது மன்றத்தின் கையில் இல்லை. சுவிட்சர்லாந்து தன் சரிவுகளைத் திறந்தே வைத்தது. ஆஸ்திரியா டிசம்பர் 24ஆம் நாள் திறந்தது, ஆனால் தங்கும் விடுதிகளை மூடியே வைத்தது. பிரான்சில் அப்பருவம் முழுவதும் பொதுமக்களுக்கான இழுவை ஊர்திகள் ஓடவில்லை. இத்தாலியில் 2021 பிப்ரவரி 15 அன்று திறப்பதாக இருந்து, முதல் நாள் மாலையில் அது தடுக்கப்பட்டது. பனியைச் செப்பனிட்டுப் பணியாளரையும் அமர்த்திக் காத்திருந்தவர்களின் சினம் நியாயமானதே.

எனினும் தயக்கத்தின் காரணத்தை மருத்துவமனையில் இருப்போர் எளிதில் உணர்வர். பனிச்சறுக்கில் முழங்கால் தசைநார் கிழிவதும், மணிக்கட்டு முறிவதும், தலையில் அடிபடுவதும் புதியவையல்ல. அந்நாள்களில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் கொரோனா நோயாளிகளால் நிரம்பியிருந்தன. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்தோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருவரின் முறிந்த கால் மற்றொருவரின் படுக்கையைக் கேட்கும் நிலை அது.

சரிவுகளில் முதலுதவி செய்யும் காவலர்களுக்கும் பழகிய முறை மாறியது. பெரியவர் ஒருவரின் இதயம் நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதாமல், அவரது வாயையும் மூக்கையும் துணியால் மூடி, மார்பை அழுத்துவதை மட்டும் தொடருமாறு அவ்வாண்டின் உயிர்காப்பு வழிகாட்டுதல்கள் பயிற்சி பெறாதோர்க்கும் அறிவுறுத்தின. குழந்தைகளுக்கு மூச்சூதுவது கைவிடப்படவில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சுத்தடையே காரணம் என்பதால்.

மிகக் கடினமான கேள்வி மலையில் எழவில்லை, வீட்டில் எழுந்தது. உறுப்பு மாற்றம் செய்துகொண்ட தந்தையையோ, புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் துணைவியையோ பேணுபவர் மன்ற உறுப்பினராக இருந்தால் அவர் செல்லலாமா? வாரம் முழுதும் நோயாளியின் அருகிலேயே இருப்பவருக்குச் சில மணி நேர வெளிக்காற்று ஆடம்பரம் அன்று. அது இன்றிப் பேணுவோரே தளர்ந்துவிடுவர். அத்தகையோர் சரிவுக்குச் சென்று, குடிலுக்குள் நுழையாமல், எவருடனும் ரோப் காரைப் பகிராமல் திரும்புவது இயலக்கூடியதாகவே இருந்தது. உறுப்பினரிடம் உடல்நிலையைக் கேட்ட மன்றங்கள், வீட்டில் இருப்போரைப் பற்றியும் கேட்டிருந்தால் இவ்வழியை முன்னரே வகுத்துத் தந்திருக்கலாம்.

தொற்றிலிருந்து மீண்டவர்கள் பற்றியும் ஒரு சொல். உயரமான மலைகளில் காற்றில் கிடைக்கும் உயிர்வளி குறைவு. குணமாகிவரும் நுரையீரலுக்கு அது கூடுதல் சுமை. இதயத்தசை அழற்சி ஏற்பட்டவர்கள் விரைந்து கடும்பயிற்சிக்குத் திரும்புவது ஆபத்து. முதலில் சமநிலத்தில் நடந்து பாருங்கள்; அன்று அயர்ச்சி இல்லை என்பது போதாது, மறுநாளும் இருத்தல் கூடாது. மார்பு வலியோ படபடப்போ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காணுங்கள். மலைக்குப் போக அவர் இசைவு தந்துவிட்டால், உள்சட்டைப் பையில் ஓர் உலர்ந்த முகக்கவசத்தை மாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்ததை அதே பையில் வைக்க வேண்டாம்.